பாரிவேட்டைக்கு முதல் கம்பு எடுக்கும் நாளில் தேர்வுப் பணி: ஆசிரியர் என்ன செய்யலாம்?

வாசகரின் கடிதம்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வந்துள்ள நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விலக்கி, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்து, பணியின் பொருட்டு வேறோர் ஊரில் குடியிருக்கிறார். அவருடைய கிராமத்தில் மகா சிவராத்திரி அன்று இரவு முழுவதும் குலதெய்வக் கோயிலில் கண்விழித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஆண்கள் அனைவரும் கம்பு, வலை, நாய்களுடன் பாரிவேட்டைக்குப் புறப்படுவது வழக்கம். பிடிபடும் முயல்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்வார்கள். சாமி முன்னால் வைத்து எடுக்கும் முதல் கம்பு இவருடைய குடும்பத்துக்கு உரியது. தந்தைக்கு வயதாகி நடக்க முடியாமல் போனபின் அந்த உரிமை இவர் கைக்கு வந்திருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளும் மருத்துவ விடுப்பில் சென்றுதான் முதல் கம்பை எடுத்திருக்கிறார்.

இந்த ஆண்டு சிக்கல் பெரிதாகிவிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு இவரைப் புறத்தேர்வாளராக நியமித்திருக்கிறார்கள். தேர்வு நாள் வேட்டை நாளிலேயே வருகிறது. தலைமையாசிரியர் தற்செயல் விடுப்பை மறுத்துவிட்டார். வழக்கம்போல மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்துவிடும்படி மைத்துனர் சொல்கிறார். கம்பு எடுக்காமல் விட்டால் சாமி குத்தமாகிவிடும் என்று தாயார் அழுகிறார். வராவிட்டால் குடும்பத்தின் முதல் மரியாதை வேறு பங்காளிக்குப் போய்விடும் என்று ஊரில் பேச்சு எழுந்திருக்கிறது. இதற்கிடையே வனச்சரக அலுவலர் கிராமத்துக்கு வந்து, வேட்டைக்குச் சென்றால் வழக்குப் பதிவு செய்வோம் என்று எச்சரித்துப் போயிருக்கிறார். வீட்டில் வளர்க்கும் ‘கன்னி’ இன நாயை வேட்டைக்குப் பழக்கி வைத்திருப்பவர் இவருடைய மகன்; அந்த இளைஞர் இப்போது காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

“மத வழக்கத்துக்காகக் கேட்கும் விடுப்பை மறுக்க அலுவலகத்துக்கு உரிமை உண்டா? காட்டுக்குள் போகாமல் கண்மாய்க் கரையிலும் பட்டா நிலத்திலும் முயல் மட்டுமே பிடிக்கும் எங்களை வனச்சட்டம் கட்டுப்படுத்துமா? ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைத்ததுபோல் பாரிவேட்டைக்கும் வாங்க முடியாதா?” என்பவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி விடுப்பைப் பற்றியது. வனத்துறையின் எச்சரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் சில வரிகளில் முடித்துவிட்டீர்கள். என் பார்வையில் அந்த அளவுகள் இடம் மாறியிருக்க வேண்டும். விடுப்புச் சிக்கலைத் தலைமையாசிரியரிடமும் கல்வி அலுவலகத்திலும் பேசித் தீர்த்துவிடலாம். ஆனால் விடுப்பு முறையாகக் கிடைத்து, மேலதிகாரிகளின் மனப்பூர்வமான சம்மதத்துடன் நீங்கள் அந்த வேட்டையில் கலந்துகொண்டாலும், உங்கள் வேலைக்கும் மகனின் எதிர்காலத்துக்கும் உள்ள ஆபத்து ஒரு துளியும் குறையாது. ஆகவே விடுப்பைப் பற்றிச் சுருக்கமாகவும், வேட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவும் எழுதுகிறேன்.

விடுப்பு உரிமையா, சலுகையா?

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓர் ஆண்டில் 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. வரையறுக்கப்பட்ட விடுப்பு 3 நாள் உண்டு. கணக்கில் நாள் இருப்பதாலேயே குறிப்பிட்ட தேதியில் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணியின் தேவை கருதி விடுப்பை மறுக்கவும் தள்ளிவைக்கவும் ஒப்பளிக்கும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு என்பது விடுப்பு விதிகளின் அடிப்படை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரம், பணி நாளில் அலுவலகத்துக்கு வராமல் இருக்கும் உரிமையாக விரிவதில்லை. உங்கள் தலைமையாசிரியர் சட்டத்தை மீறவில்லை. செய்முறைத் தேர்வு, மாணவருக்கு அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது. புறத்தேர்வாளர் வராவிட்டால் அந்த மையத்தில் அன்றைய தேர்வே தடுமாறும். அந்தப் பிள்ளைகளில் சிலர் உங்கள் ஊர்ப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

இருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. செய்முறைத் தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை. பள்ளிகளுக்கும் மாணவர் குழுக்களுக்கும் ஏற்பப் பல நாள்களுக்குப் பிரித்துத்தான் நடத்துகிறார்கள். விடுப்பு கேட்பதற்குப் பதிலாக, அந்த ஒரு நாளின் பணியை வேறொரு தேர்வாளருடன் மாற்றித் தருமாறு கேளுங்கள். மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் ஆசிரியரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் இணைத்து, தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். தேர்வுக்கு முந்தின நாள் மாலையில் தொலைபேசியில் கெஞ்சுபவருக்கும், இரண்டு வாரத்துக்கு முன்பே மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. விண்ணப்பத்தில் ‘குலதெய்வக் கோயில் வழிபாடு’ என்று மட்டும் குறிப்பிடுங்கள். அன்று நீங்கள் செய்யப்போவதும் அதுவாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பணியிடத்தை விட்டு வெளியூர் செல்ல அனுமதி பெற வேண்டியிருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மருத்துவச் சான்று யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நோயில்லாதவர் நோயென்று சான்று கொடுப்பது தனியான ஒழுங்கீனம். சந்தேகம் வந்தால் உங்களை மருத்துவக் குழுவின் முன் நிறுத்த முடியும். கையொப்பமிட்ட மருத்துவரும் சிக்குவார். தேர்வுப் பணியைத் தவிர்க்கவே சான்று கொடுத்தார் என்று சொல்வதற்கு, தற்செயல் விடுப்பு மறுக்கப்பட்ட உத்தரவே ஆதாரமாகக் கோப்பில் இருக்கும். அதே நாளில் நீங்கள் கம்பும் கையுமாக நிற்கும் காணொளி யாருடைய கைப்பேசியிலிருந்தாவது வெளியே வந்துவிட்டால், கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் ‘17(ஆ)’ ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைக்கு விளக்கம் எழுத எந்த வழக்கறிஞராலும் உங்களுக்கு உதவ முடியாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் தப்பித்ததை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“முயல்தானே, அதுவும் பட்டா நிலத்தில்தானே?”

உங்கள் கடிதத்தில் அதிகம் திருத்த வேண்டிய பகுதி இது. இந்த மூன்று நம்பிக்கைகளும் உங்கள் ஊரில் மட்டும் இருப்பவை அல்ல. இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞரான என்னிடம் வருபவர்கள் அனைவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொல்கிறார்கள்.

முதலாவது, இடம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டைக் காக்கும் சட்டம் மட்டும் அன்று. விலங்கைக் காக்கும் சட்டம். அதன் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு காப்புக்காட்டில் இருந்தாலும், கண்மாய்க் கரையில் இருந்தாலும், உங்கள் சொந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் பாதுகாப்பு ஒன்றுதான். அட்டவணை விலங்குகளை வேட்டையாடத் தடை விதிக்கும் 9ஆம் பிரிவு, நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ உள்ளே நடந்தால் தண்டனை கூடும் என்பது மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது, விலங்கு. 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. நம் ஊர்க் காட்டுமுயல் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். திருத்தத்துக்கு முன்பு அந்த அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. “ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்” என்ற ஊர்ப்பேச்சு அந்தக் காலத்தில் உருவானது.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. விடியற்கால இருட்டில் விரித்த வலைக்கு முயல் எது, உடும்பு எது என்று தெரியாது. உடும்பு, மயில், எறும்புத்தின்னி ஆகியவை முதல் அட்டவணை விலங்குகள். அவற்றில் ஒன்று நாயின் வாயில் சிக்கிவிட்டால் குறைந்தபட்சத் தண்டனையே மூன்றாண்டு. ஏழாண்டு வரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இத்தகைய குற்றத்தைக் கட்டணம் செலுத்தி இணக்கமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. பிணை கிடைப்பதும் கடினமாகும். “நாங்கள் முயலுக்குத்தான் போனோம்” என்ற விளக்கம் அந்த இடத்தில் உதவாது.

மூன்றாவது, பங்கு. “நான் முதல் கம்பை எடுத்துக் கொடுப்பதோடு சரி, ஓடிப் பிடிப்பதெல்லாம் இளவட்டங்கள்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் வரையறையில் கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. பிடிப்பது, வலையிலும் கண்ணியிலும் சிக்கவைப்பது, நாய் விட்டுத் துரத்துவது, கலைத்து ஓட்டுவது, இரை வைப்பது, இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டைதான். ஒரு முயலும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் குற்றம் நடந்திருக்கும். உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. அதிலும், எல்லோருக்கும் முன்னால் நின்று முதல் கம்பை எடுத்து வேட்டையைத் தொடங்கிவைப்பவர் யார் என்று கேட்டால், ஊரே கையை நீட்டிக் காட்டக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். மரியாதைக்குரிய அந்த இடம் வழக்கில் முதலில் குற்றம்சாட்டப்படுபவரின் இடமாக மாறிவிடும்.

உங்கள் தந்தையையும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டவிரோதமாக வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. அதை அனுமதியின்றிப் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றம். திண்ணையில் உட்கார்ந்தபடி பங்குக்கறியை வாங்கிக்கொள்ளும் பெரியவரும், அதைச் சமைக்கும் வீட்டாரும் அந்த வலைக்குள் வந்துவிடுவார்கள். வேட்டைக்குப் பயன்பட்ட வாகனம், வலை, கருவிகள் பறிமுதலாகும். நெற்றிவிளக்குடன் யாராவது நாட்டுத் துப்பாக்கியும் கொண்டுவந்திருந்தால் படைக்கலச் சட்ட வழக்கும் சேரும். எங்கள் ஊரில் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இருட்டில் வரும் நூறு பேரின் பைக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியுமா?

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அரசே அனுமதித்திருக்கிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணையைக் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்கான ஏற்பாடு அது. விவசாயிகளுக்கோ ஊராருக்கோ அந்த அதிகாரம் தரப்படவில்லை. முயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜல்லிக்கட்டோடு ஒப்பிடலாமா?

கேள்வி நியாயமானது. பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஜல்லிக்கட்டுக் காளை வீட்டில் வளர்க்கும் விலங்கு. அது தொடர்பான வழக்கு, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எழுந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்குப் பின், 2017இல் தமிழ்நாடு அந்தச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது; அந்தத் திருத்தம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. பாரிவேட்டையில் சம்பந்தப்படுவது காட்டுயிர், சட்டமும் வேறு. காட்டுயிர்ப் பாதுகாப்பும் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதால் ஏட்டளவில் ஒரு மாநிலத் திருத்தத்தைக் கற்பனை செய்யலாம். ஆனால் அப்படியொரு திருத்தம் இன்று இல்லை. இல்லாத சட்டத்தை நம்பி வரும் மாசியில் கம்பு எடுக்க முடியாது. பொங்கலை ஒட்டிச் சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பகுதியில் வங்கா நரியைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கமும் பழமையானதுதான். அங்கும் வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் வசூலித்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் பழங்குடி மக்கள் நடத்திவந்த சடங்கு வேட்டைகளைத் தடுத்து நிறுத்துமாறு கொல்கத்தா உயர் நீதிமன்றம் அம்மாநில அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

பழமை என்ற வாதத்தைச் சட்டம் எங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், வன உயிரினச் சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட வேட்டை உரிமையை விட்டுவைத்திருக்கிறது. காட்டையே வாழ்விடமாகக் கொண்ட மக்களுக்காக 2006இல் வந்த வன உரிமைச் சட்டமோ, அவர்கள் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளை வரிசையாக ஏற்றுக்கொண்டு, வேட்டையாடும் மரபுரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைத்திருக்கிறது. அவர்களுக்கே மறுக்கப்பட்டதை, சமவெளிக் கிராமத்தின் ஒருநாள் வேட்டைக்குக் கேட்டு நீதிமன்றப் படியேறினால் என்ன விடை வரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பொதுநல மனு போடலாம் என்று யாராவது ஊரில் வசூல் தொடங்கினால், உங்கள் பங்கைக் கொடுக்காதீர்கள்.

வேலையும் மகனும்

அரசு ஊழியர் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டவராகவே கருதப்படுவார். தண்டனை விதிக்கப்பட்டால், அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின்படி, முழு விசாரணை நடத்தாமலேயே பணியிலிருந்து நீக்கவும் வழி உண்டு. முயல் வழக்காக இருந்து, வனத்துறை இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு முடித்துவைத்தால் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது என்பது உண்மை. அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பும் இப்போது ஐந்து லட்சம் ரூபாய். ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். அப்படி முடிந்தாலும், ஊழியருக்கு ஒவ்வாத நடத்தை என்று துறை தனியே நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் ஆண்டில் நிலுவையில் உள்ள ஒரு குறிப்பாணை என்ன செய்யும் என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிச் சிறுவர்களும் வேட்டைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளி நாளில், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை, ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் முன்னின்று அழைத்துச் சென்றார் என்று வழக்கு எழுதப்பட்டால், அதைச் செய்தியாக்காத நாளிதழ் இருக்காது.

மகனின் நிலை உங்களுடையதைவிட நொய்மையானது. சீருடைப் பணியாளர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தாண்டியபின் முன்நடத்தைச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. குற்ற வழக்கு ஏதும் உள்ளதா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் வாய்ப்பு நழுவும். மறைத்தால் மறைத்ததற்காகவே நீக்கப்படுவார். விடுதலையே கிடைத்தாலும் அது சந்தேகத்தின் பலனால் வந்த விடுதலை என்றால், காவல் பணி விதிகள் அதை முழுமையான விடுதலையாக ஏற்பதில்லை. இத்தகைய இளைஞர்களுக்காக வாதாடுவது என் தொழிலில் மிகவும் மனச்சோர்வு தரும் வேலை; ஒரு காலைப்பொழுதில் நடந்ததற்குப் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள். வேட்டையில் நாயைக் கையில் பிடித்திருப்பவர் உங்கள் மகன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்னி நாயை வளர்ப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அன்று அதைக் கட்டிப்போட்டுவிட்டு, மகனை ஊருக்கே அழைத்துச் செல்லாமல் இருந்தாலும் நல்லதுதான்.

கைப்பேசிக் காணொளிகள் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப் நிலைப்பதிவில் போட்ட படம் இருபத்துநான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அதற்குள் ஒருவர் அதைச் சேமித்துவைத்தால் போதும். உரிய சான்றுடன் தாக்கல் செய்யப்படும் மின்னணுப் பதிவைச் சாட்சியச் சட்டம் ஏற்கிறது. புதிதாக எதையும் பதிவேற்ற வேண்டாம். விசாரணை ஏதேனும் தொடங்கிய பிறகு, வழக்கறிஞரைக் கேட்காமல் பழையவற்றை அழிக்கவும் வேண்டாம். அழித்ததே தனி வழக்காகும்.

ஊரை எப்படி எதிர்கொள்வது?

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, “அப்படியானால் நான் ஊரை விட்டுவிட வேண்டுமா” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வேட்டை நாளைப் பற்றி நீங்கள் ஆசையோடு எழுதிய வரிகளில் முயல் எங்குமே இல்லை. இரவெல்லாம் கண்விழித்த பின் தந்தை உங்கள் கையில் கம்பைக் கொடுத்தது, வெளியூரில் பிழைக்கும் பங்காளிகள் அந்த ஒரு நாளில் ஒன்றுகூடுவது, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு வீட்டார் ஒரே பந்தியில் உட்கார்ந்தது ஆகியவற்றைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

விலங்கு இல்லாத வேட்டை நம் கோயில்களுக்குப் புதியதும் அன்று. கன்னியாகுமரி பகவதி அம்மன் விஜயதசமி நாளில் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளி, பாணாசுரனை அம்பெய்து வதம் செய்வது சடங்காகவே நடக்கிறது. மகர்நோன்பு அன்று சுவாமி அம்பு போடும் நிகழ்ச்சி உங்கள் வட்டாரத்துக் கோயில்களிலேயே உண்டு. உங்கள் ஊரிலும் முதல் கம்பை எடுத்து, எல்லைவரை ஊர்வலமாகச் சென்று, வாழைமரத்திலோ வேறெதிலோ ஒரு குத்துக் குத்திவிட்டுத் திரும்பலாம். பந்திக்குக் கறி வேண்டும் என்றால் கிடா வெட்டலாம். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடைசெய்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டுவிட்டது.

இதை ஊரில் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். “வாத்தியார் படிச்சுட்டு நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டார்” என்ற ஒரு வாக்கியத்தில் உங்கள் பேச்சு முடிந்துவிடும். முதலில் தந்தையிடம் பேசுங்கள். அவர் சம்மதித்தால், அவர் வாயால் ஊர்த் தலைவரான அம்பலக்காரரிடம் சொல்லச் செய்யுங்கள். காவலர் தேர்வு, இராணுவம், அரசு வேலை என்று காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் இருப்பார்கள். அந்தப் பெற்றோர்களைத் தனித்தனியே சந்தித்து, வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அவர்கள்தான். சாமி குத்தம் என்ற தாயாரின் பயத்துக்கு என்னிடம் சட்டத்தில் பதில் இல்லை. ஆனால் ஊரிடம் இருக்கிறது. பூக்கட்டிப் பார்ப்பதும் உத்தரவு கேட்பதும் இத்தகைய நேரத்துக்காகத்தானே இருக்கின்றன? “உயிர் பிடிக்காமல் கம்பு மட்டும் எடுக்கிறோம், சம்மதமா” என்று கேட்கட்டும். உத்தரவு வராவிட்டாலும் வேட்டை சட்டப்படி ஆகிவிடாது. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் மறுத்து, பழையபடி வேட்டைக்குப் புறப்படுவதென்றே முடிவானால், கோயில் வழிபாட்டோடு நின்றுகொள்ளுங்கள். கம்பை எடுத்து யார் கையிலும் கொடுக்காதீர்கள். கூட்டம் புறப்படும்போது அங்கே இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. அந்த ஆண்டு முதல் மரியாதை வேறு பங்காளிக்குப் போகலாம். அது வலிக்கும், அந்த வலியைச் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரியாதையோடு அதற்குரிய வழக்கும் அவருக்குத்தான் போகும் என்பதை அந்தப் பங்காளிக்கும் தெரியப்படுத்துவது உங்கள் கடமை. உங்கள் குடும்பத்தின் மீது தண்டம் விதிப்பது, கோயிலுக்குள் விடாமல் தடுப்பது, ஊர்விலக்கம் செய்வது என்று போனால் அவை சட்டத்துக்குப் புறம்பானவை. வட்டாட்சியரிடம் எழுத்தில் முறையிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை கேட்கலாம், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரிக்கு முந்தின வாரம் காவல்துறை ஊருக்குள் வந்தால் அழைத்துவந்தவர் யார் என்ற கேள்விக்கு ஊர் உங்கள் பெயரைத்தான் சொல்லும்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியவை

தேர்வுப் பணி மாற்றத்துக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கையொப்பத்துடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் கிடைக்காவிட்டால் தேர்வுப் பணிக்குச் சென்றுவிடுங்கள். சிவராத்திரி இரவு கோயிலில் இருந்துவிட்டு விடியுமுன் புறப்பட்டால் தேர்வு மையத்தை அடைந்துவிட முடியும் என்று நீங்களே எழுதிய தொலைவிலிருந்து தெரிகிறது. ஒருவேளை உங்கள் வீட்டில் யாரையாவது வனத்துறை விசாரணைக்கு அழைத்தால், வழக்கறிஞர் இல்லாமல் எந்த வாக்குமூலத்திலும் கையொப்பமிட வேண்டாம். உரிய நிலை வனத்துறை அதிகாரி முறைப்படி பதிவுசெய்யும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இந்தச் சட்டம் இடம் தருகிறது. பிடிபட்ட விலங்கு எது, எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று வழக்கு ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இணக்கமாக முடிக்க முடியுமா, பிணை எளிதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தது. உங்கள் மீதே வழக்குப் பதிவானால், செய்தித்தாளில் வருவதற்கு முன்பு தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.